‘ஆய்விதழில் வந்தது’ என்றால் எவ்வளவு நம்பலாம்?

கேள்வி கேட்டவர் நான்கு செய்திகளைப் பட்டியலிட்டிருக்கிறார். தானாக இயங்கும் ஆய்வகம் ஒன்று 17 நாட்களில் 41 புதிய பொருட்களைச் செய்தது. தரமான புனைகதையைப் படித்தால் பிறர் மனத்தை ஊகிக்கும் திறன் கூடுகிறது. மனச்சோர்வுக்கும், மூளையில் இருக்கும் செரடோனின் என்ற வேதிப்பொருள் குறைவதற்கும் தொடர்பில்லை. மார்பக எக்ஸ்ரேயைக் கணினி மருத்துவரைவிட நன்றாகப் படிக்கிறது. நான்கும் பெரிய ஆய்விதழ்களில், வல்லுநர் மதிப்பீட்டைத் தாண்டி வந்தவை. “இவற்றில் எதை நம்புவது?” என்று கேட்கிறார். ஆனால் கடைசி வரியில், போகிற போக்கில், இன்னொன்றும் இருக்கிறது. மூன்றாவது செய்தியைப் படித்த அவருடைய அக்கா, நான்கு ஆண்டுகளாக எடுத்துவரும் மனச்சோர்வு மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறாராம். உண்மையான கேள்வி அங்கேதான் இருப்பதாக எனக்குப் படுகிறது.

ஆகவே முதலில் அதற்கு: செய்தியைப் படித்துவிட்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்த வேண்டாம். ஏன் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன். அதற்கு மற்ற மூன்று செய்திகளும் கொஞ்சம் உதவும். நான் மனநல மருத்துவன் அல்லன். மருத்துவப் புள்ளியியல் படித்தவன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களை வைத்து நடக்கும் ஆய்வுகளில் கணக்குப் பார்ப்பதும், பிறர் எழுதிய கட்டுரைகளை ஆய்விதழ்களுக்காக மதிப்பிடுவதும் என் வேலை. எனவே நான்காவது செய்தியைப் பற்றி உறுதியோடு பேசுவேன். மனநல மருந்துகளைப் பொறுத்தவரை, சோதனைகளின் கணக்கைப் படிக்கத் தெரியும். நோயாளியைப் பார்க்கத் தெரியாது. வேதியியலிலும் இலக்கியத்திலும் எனக்கு இருப்பது, பக்கத்து வீட்டு வாக்குவாதத்தைச் சுவருக்கு இப்பால் நின்று பல ஆண்டுகள் கேட்டவனுடைய அறிவுதான்.

வல்லுநர் மதிப்பீடு என்பதைப் பற்றி ஒரு மயக்கம் இருக்கிறது. ஒரு கட்டுரை வந்தால் இதழாசிரியர் அதை இரண்டு அல்லது மூன்று பேருக்கு அனுப்புவார். அவர்கள் ஊதியம் எதுவும் இல்லாமல், தங்கள் வேலைகளுக்கு நடுவே, பெரும்பாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அதைப் படிப்பார்கள். நானும் அப்படித்தான் படித்திருக்கிறேன். முறை சரியா, கணக்குப் பொருந்துகிறதா, தரவு சொல்லாததை முடிவுரை சொல்கிறதா என்று பார்ப்போம். சோதனையைத் திரும்பச் செய்து பார்ப்பதில்லை. எதிரில் இருக்கும் எண்கள் உண்மையிலேயே அளக்கப்பட்டவைதாமா என்று தெரிந்துகொள்ளப் பெரும்பாலும் வழியும் இல்லை. 2023-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 10,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றில் பெரும்பங்கு ஒரே பதிப்பகத்தின் இதழ்களில் வந்தவை. அவையும் மதிப்பீட்டின் பெயரால் அச்சேறியவைதாம். கட்டுரை படிக்கத் தகுந்தது என்று மட்டுமே அந்த முத்திரை சொல்கிறது. உண்மை என்று நம்ப வேண்டுமானால், முதல் குழுவோடு எந்த உறவும் இல்லாத இன்னொருவர் அதைச் செய்து பார்த்து அதே விடைக்கு வந்திருக்க வேண்டும். அந்தச் ‘செய்து பார்ப்பது’ துறைக்குத் துறை வேறுபடுகிறது. உங்கள் நான்கு செய்திகளையும் ஒரே தராசில் நிறுக்க முடியாமல் போவது அதனால்தான்.

வேதியியலில் இது நேரடியானது. செய்முறை எழுதியிருக்கிறது; அதன்படி செய்தால் சொன்ன பொருள் சொன்ன அளவில் கிடைக்க வேண்டும். ‘ஆர்கானிக் சிந்தசிஸ்’ என்ற வெளியீடு 1921 முதல் வந்துகொண்டிருக்கிறது. அதில் ஒரு செய்முறை அச்சேற வேண்டுமானால், ஆசிரியர் குழுவைச் சேர்ந்த ஒருவருடைய ஆய்வகத்தில் அது மறுபடி செய்து பார்க்கப்பட வேண்டும். எல்லாத் துறைகளிலும் இப்படி ஒரு வழக்கம் இருந்திருந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சமாகியிருக்கும். பெரும்பாலான இதழ்களில் அது கிடையாது. 2016-இல் ‘நேச்சர்’ இதழ் பல துறைகளைச் சேர்ந்த 1,576 ஆய்வாளர்களிடம் கேட்டபோது, 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் பிறருடைய சோதனை ஒன்றைத் திரும்பச் செய்ய முயன்று தோற்றதாகச் சொன்னார்கள்.

தோற்பதற்குக் காரணம் எப்போதும் ஏமாற்று அல்ல. எனக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. கார்பன் அடங்கிய இரண்டு மூலக்கூறுகளை இணைக்கும் சுசுகி வினைக்குப் பல்லேடியம் என்ற உலோகம் வினையூக்கியாக வேண்டும். 2003-இல் ஒரு குழு, எந்த உலோகமும் இல்லாமலே அந்த வினை நடப்பதாக அறிவித்தது. பல்லேடியம் விலை உயர்ந்தது. மருந்துத் தயாரிப்பில் அதன் எச்சத்தை நீக்குவது தலைவலி. எனவே இது பெரிய செய்தி. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே குழு இன்னொரு கட்டுரை எழுதியது. வினையில் சேர்த்த, கடையில் வாங்கிய சோடியம் கார்பனேட்டிலேயே நூறு கோடியில் ஐம்பது பங்கு அளவுக்குப் பல்லேடியம் கலந்திருந்தது. வேலை செய்தது அதுதான். அவர்கள் பொய் சொல்லவில்லை. கண்டதை எழுதினார்கள், பிறகு தங்கள் கண்ணையே சந்தேகித்து அதையும் எழுதினார்கள். இத்தனைக்குப் பிறகும் 2021-இல் வேறொரு குழு, உலோகம் இல்லாத அமைன் என்ற சேர்மம் ஒன்றே வினையூக்கியாகப் போதும் என்று பெரிய இதழில் எழுதியது. அந்த அமைனைத் தயாரித்தபோது பயன்பட்ட பல்லேடியம் அதனுள் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பிற ஆய்வகங்கள் மாதக்கணக்கிலேயே காட்டிவிட்டன. கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. வேதியியலில் எனக்குப் பொறாமை இந்த வேகத்தின் மீதுதான். குப்பியும் பொடியும் இருந்தால் எதிராளி ஒரு வாரத்தில் உங்களைச் சோதித்துவிடலாம்.

உங்கள் முதல் செய்தி 2023 நவம்பரில் வந்தது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் இயந்திரக் கைகள் பொடிகளைக் கலந்து, உலையில் சுட்டு, வந்த பொருளை எக்ஸ்ரேயால் சோதித்து, 58 இலக்குகளில் 41-ஐச் செய்து முடித்ததாக அறிவிப்பு. லண்டனிலும் பிரின்ஸ்டனிலும் இருக்கும் வேதியியலாளர்கள் சிலர் அந்த எக்ஸ்ரே தரவை எடுத்துத் தாங்களே அலசினார்கள். பல இடங்களில் கணினி ஊகித்த அமைப்பு அந்தத் தரவோடு சரியாகப் பொருந்தவில்லை. வேறு பலவற்றில், அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதாகக் கணினி எடுத்துக்கொண்டதே தவறு. இடம் மாறிக் கலந்து கிடக்கும், முன்பே அறியப்பட்ட பொருட்கள் அவை. புதிய பொருள் என்று ஒன்றைக்கூட ஏற்க முடியாது என்பது அவர்களின் முடிவு. தானியங்கி ஆய்வகத்தால் என்ன முடியும் என்று காட்டுவதே தங்கள் நோக்கம் என்று முதல் குழு பதில் சொன்னது. என் கணிப்பு இது: இயந்திரம் இரவு பகலாக வேலை செய்தது உறுதி. ‘புதிய’ என்ற சொல்லையும் ‘41’ என்ற எண்ணையும் இப்போதைக்கு எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இரண்டாவது செய்தியின் மூலம் 2013-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு. சிலருக்கு இலக்கியத் தரமுள்ள புனைகதைப் பகுதியையும் வேறு சிலருக்கு வேறு வகை எழுத்தையும் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். பிறகு, கண்கள் மட்டும் தெரியும் 36 படங்களைக் காட்டி, அந்த ஆள் என்ன உணர்கிறார் என்று கேட்டார்கள். இலக்கியம் படித்தவர்கள் கூடுதல் மதிப்பெண் வாங்கினார்கள். செய்தித்தாள்களுக்கு இதைவிட இனிப்பான முடிவு கிடைக்குமா? 2018-இல் ஒரு பெரிய கூட்டு முயற்சி, ‘நேச்சர்’, ‘சயன்ஸ்’ இரண்டிலும் வந்த 21 சமூக அறிவியல் சோதனைகளைக் கூடுதல் ஆட்களோடு திரும்பச் செய்தது. 13 தேறின. எட்டு தேறவில்லை, அந்த எட்டில் இந்தக் கதைச் சோதனையும் ஒன்று. அதே ஆண்டில் இது போன்ற 14 சோதனைகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்த இன்னொரு ஆய்வு, புனைகதை படிப்பதால் சிறிய பலன் இருப்பதாகச் சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், ஏதோ கொஞ்சம் இருக்கலாம். ஐந்து நிமிடம் ஒரு பத்தியைப் படித்து மனிதர்களைப் புரிந்துகொள்ளும் கண் திறந்துவிடும் என்பதற்குச் சான்று இல்லை. ஆயுள் முழுக்கப் படிப்பது ஒருவரை என்ன செய்கிறது என்பது வேறு கேள்வி. அதை இந்தச் சோதனை தொடவே இல்லை.

ஆனால் இதை இலக்கிய ஆய்வு என்று அழைப்பதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இது கதையைக் கருவியாக வைத்த உளவியல் ஆய்வு. இலக்கிய ஆய்வுக்கென்று சொந்தச் சான்று முறைகள் இருக்கின்றன, சிலவேளை அவை நம் மருத்துவ ஆய்வுகளைவிடக் கறாரானவை. உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஏட்டுக்கு ஏடு ஒப்பிட்டுப் பாடபேதம் பார்த்தார். அதுவும் ஒருவகையில் ‘திரும்பச் செய்து பார்ப்பது’தானே? ஓர் ஏடு சொல்வதை இன்னோர் ஏடு மறுக்கிறதா என்ற கேள்வி அதில் இருக்கிறது. எண்களால் செய்யும் இலக்கிய ஆய்வும் புதிதல்ல. அமெரிக்க அரசியல் சட்டத்தை ஆதரித்துப் புனைபெயரில் வந்த 85 கட்டுரைகளில் 12-ஐ எழுதியது அக்கால அரசியல் தலைவர்களான ஹாமில்டனா மாடிசனா என்று நெடுநாள் சச்சரவு. மாஸ்டெல்லர், வாலஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1964-இல் அதைச் சின்னச் சின்னச் சொற்களை எண்ணியே தீர்த்தார்கள். ‘அப்பான்’ (upon) என்ற ஆங்கில முன்னிடைச் சொல்லை ஹாமில்டன் அடிக்கடி எழுதுவார், மாடிசன் அரிதாகவே எழுதுவார். ஒருவர் கவனம் வைத்து எழுதும் சொற்களைவிட, கவனிக்காமல் எழுதும் சொற்கள் ஆளைக் காட்டிக்கொடுக்கின்றன. பன்னிரண்டும் மாடிசனுடையவை என்று கணக்கு சொன்னது. வரலாற்றாய்வாளர்கள் வேறு வழியில் ஏற்கெனவே அந்தப் பக்கம்தான் சாய்ந்திருந்தார்கள். இரண்டு தனித்தனி வழிகள் ஒரே இடத்தில் முடிந்ததால் அதை நம்புகிறேன். ஒரு கவிதையின் பொருளைப் பற்றிய ஆய்வுக்கு இந்தத் தராசு உதவாது. அங்கே என்னிடம் கேட்காதீர்கள்.

நான்காவது செய்தி என் வீட்டுக்குள் நடப்பது, எனவே கொஞ்சம் அதிகம் பேசுவேன். முதலில் செய்தியின் தலைப்பே ஆய்வு சொன்னது அல்ல. ஸ்வீடனில் பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி நடந்த மசாய் என்ற சோதனை இது. 80,000 பெண்களை வைத்து முதல் முடிவு 2023-இல் வந்தது. அங்கே வழக்கமாக ஒவ்வொரு மார்பக எக்ஸ்ரேயையும் இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாகப் பார்ப்பார்கள். புதிய பிரிவில், கணினி ஒவ்வொரு படத்துக்கும் அபாய மதிப்பெண் போட்டது; குறைவாக இருந்தால் ஒரு மருத்துவர், கூடுதலாக இருந்தால் இருவர். சந்தேகத்துக்குரிய இடத்தையும் குறித்துக் கொடுத்தது. 1,000 பெண்களுக்கு 6.1 புற்றுநோய்கள் கண்டறியப்பட்டன, பழைய முறையில் 5.1. மருத்துவர்கள் படம் பார்க்கும் வேலை 44 விழுக்காடு குறைந்தது. தவறான எச்சரிக்கை கூடவில்லை. மருத்துவரோடு கணினி போட்டியிடவே இல்லை. மருத்துவருடைய நேரத்தை எங்கே செலவிடுவது என்று சொல்லும் உதவியாளாக இருந்தது. இதை ‘மருத்துவரைவிட நன்றாகப் படிக்கிறது’ என்று எழுதியவர் கட்டுரையின் முதல் பக்கத்தைக்கூடத் திறக்கவில்லை என்று நினைக்கிறேன்.

குலுக்கல் முறையில் பிரித்தது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு பழைய காயம் காரணம். இதே வேலைக்கு ஒரு முன்தலைமுறைக் கணினி உதவிக்கு 1998-இலேயே அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆய்வகச் சோதனைகளில் அது அழகாக வேலை செய்தது, நாடு முழுக்கப் பரவியது. 2015-இல் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளைப் பார்த்தபோது, அதை வைத்திருந்த மருத்துவர்கள் இல்லாதவர்களைவிட எந்த வகையிலும் நன்றாகக் கண்டுபிடிக்கவில்லை. ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள்!

படங்களைப் படிக்கும் கணினிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: கேள்விக்கு விடை தெரியாவிட்டாலும் விடைத்தாளின் ஓரத்தைப் பார்த்து எழுதிவிடும். 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மார்பு எக்ஸ்ரேயில் நிமோனியாவைக் கண்டுபிடிக்கப் பயிற்றுவித்த கணினி, படம் எந்த மருத்துவமனையில் எடுக்கப்பட்டது என்பதை ஏறக்குறைய பிழையே இல்லாமல் கண்டுகொண்டது. ஒரு மருத்துவமனையில் நிமோனியா அதிகம், இன்னொன்றில் குறைவு என்றால், நுரையீரலைப் பார்க்காமலே பாதி மதிப்பெண் வாங்கிவிடலாம். கோவிட் காலத்தில் இது உச்சத்துக்குப் போனது. எக்ஸ்ரே, சி.டி. படங்களிலிருந்து கோவிட்டைக் கண்டறிவதாகச் சொன்ன 2,212 கட்டுரைகளைத் திரட்டி, தரம் பார்த்து, 62-ஐ மட்டும் எடுத்து ஆராய்ந்தது ஒரு குழு. 2021-இல் வந்த அதன் முடிவு: மருத்துவமனையில் பயன்படுத்தத் தகுந்தது ஒன்றுகூட இல்லை. சிலவற்றில், கோவிட் இல்லாதவர்களின் படங்களாகக் குழந்தைகளின் எக்ஸ்ரேக்களைச் சேர்த்திருந்தார்கள். கணினி கற்றது குழந்தைக்கும் பெரியவருக்கும் உள்ள வேறுபாட்டை. சிரிக்க எனக்கு உரிமை இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் நாங்கள் செய்த ஓர் ஆய்வில், ஒரே நோயாளியின் வெவ்வேறு நாள் படங்கள், கணினிக்குக் கற்பித்த படங்களிலும் அதைச் சோதித்த படங்களிலும் கலந்துவிட்டன. கணினி எலும்பு முறிவைப் பார்க்காமல் ஆளை அடையாளம் கண்டுகொண்டிருந்தது. நோயாளி வாரியாகப் பிரித்து மறுபடி ஓட்டியபோது எங்கள் பெருமை ஒரே இரவில் இறங்கிவிட்டது. நல்லவேளை, கட்டுரையை அனுப்பியிருக்கவில்லை.

‘90 விழுக்காடு துல்லியம்’ என்று ஒரு செய்தி சொன்னால், ஒரு துண்டுத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். 1,000 பேரைச் சோதிக்கிறோம். 10 பேருக்கு நோய் இருக்கிறது. நோயுள்ளவரில் 90 விழுக்காட்டைக் கருவி பிடிக்கும் என்றால் 9 பேர் சிக்குவார்கள். நோயில்லாத 990 பேரில் 90 விழுக்காட்டினரைச் சரியாக விடுவிக்கும் என்றால், மிச்சம் 99 பேருக்கு வீணான எச்சரிக்கை. மொத்தம் 108 பேர் பயந்து வீட்டுக்குப் போகிறார்கள், அவர்களில் உண்மையில் நோயுள்ளவர் 9 பேர், அதாவது பன்னிரண்டில் ஒருவர். கருவி பொய் சொல்லவில்லை. நோய் எவ்வளவு அரிது என்பதைச் செய்தி சொல்லாமல் விட்டுவிட்டது, அவ்வளவுதான். இன்னொரு பக்கமும் உண்டு: அதிகம் கண்டுபிடிப்பது அதிகம் காப்பாற்றுவது ஆகாது. தென்கொரியாவில் கழுத்தில் அல்ட்ராசவுண்ட் பரிசோதனை பரவியபின், 1993-இலிருந்து 2011-க்குள் தைராய்டு புற்றுநோய்க் கணக்கு 15 மடங்கு ஆனது; அதனால் இறப்பவர் எண்ணிக்கை மாறவே இல்லை. ஆகவே மசாய் சோதனையில், வேலை குறைந்தது, கண்டுபிடிப்பு குறையவில்லை என்ற இரண்டும் உறுதி. உயிர்கள் கூடுதலாகக் காப்பாற்றப்படும் என்பது இன்னும் ஊகம்தான்.

வேதியியல், இலக்கியம், படிமவியல் (எக்ஸ்ரே, சி.டி. போன்ற படங்களின் துறை) மூன்றும் ஒரே மேசையில் உட்கார்ந்த ஓர் ஆய்வைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது ஹெர்குலேனியம் நகரில் ஒரு நூலகம் கரியாகிப்போனது. சுருளைப் பிரித்தால் பொடிந்துவிடும். சி.டி. எடுத்தாலும் எழுத்து தெரியாது, ஏனென்றால் மையும் கரி, தாளும் கரி. எக்ஸ்ரேக்கு இரண்டும் ஒன்று. ஆனால் மை காய்ந்த இடத்தில் தாளின் மேற்பரப்பு நுட்பமாக மாறியிருக்கிறது. அந்த அடையாளத்தைக் கணினிக்குக் கற்பித்து, 2023-இல் கல்லூரி மாணவர் ஒருவர் ‘ஊதா’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லைப் படித்தார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் பல பத்திகள் வெளிவந்தன. இதை நான் ஏன் நம்புகிறேன் தெரியுமா? அந்தக் கணினிக்கு எழுத்துகளின் வடிவம் கற்பிக்கப்படவில்லை. ஒரு முழு எழுத்தைக்கூடப் பார்க்க முடியாத அளவு சிறிய சாளரத்தின் வழியாக, ‘இங்கே மை இருக்கிறதா, இல்லையா’ என்று மட்டும் அது சொன்னது. எழுத்தைத் தானே கற்பனை செய்துவிட அதற்கு வழியில்லை. வேறொரு மாணவர் வேறு முறையில் அதே சொல்லை எடுத்தார். இரண்டையும் கணினியோடு எந்த உறவும் இல்லாத சுவடி அறிஞர்கள் படித்து உறுதிசெய்தார்கள்.

இப்போது மனநலம். இங்கே செய்து பார்ப்பது மிகவும் கடினம். நோயை அளக்கும் கருவி பெரும்பாலும் ஒரு கேள்வித்தாள். மருந்து சாப்பிடுகிறோம் என்ற நம்பிக்கையே பலரைத் தேற்றிவிடும். மூளைப் படங்கள் இந்தச் சிக்கலைத் தீர்க்கும் என்று என் துறையினர் கொடுத்த வாக்கு இன்னும் கடனாகவே நிற்கிறது. 2020-இல் ஒரே எம்.ஆர்.ஐ. தரவை 70 குழுக்களிடம் கொடுத்து ஒன்பது கேள்விகள் கேட்டார்கள். எந்த இரண்டு குழுவும் ஒரே வழியில் அலசவில்லை, விடைகளும் ஆளுக்கு ஆள் மாறின. 2022-இல் ஏறத்தாழ 50,000 பேருடைய தரவை வைத்துச் செய்த கணக்கு, மூளைப் படத்துக்கும் மனநிலைக்கும் உள்ள தொடர்பை நம்பகமாகக் காண ஆயிரக்கணக்கானோர் வேண்டும் என்றது. அதுவரை வந்த ஆய்வுகளை ஆள் எண்ணிக்கைப்படி வரிசையாக வைத்தால், நடுவில் நிற்பதில் இருந்தவர்கள் 25 பேர் அளவில்தான். மரபணுக்களுக்கும் இதே கதிதான். மனச்சோர்வுக்குக் காரணம் என்று பல ஆண்டுகள் பேசப்பட்ட 18 மரபணுக்களை 2019-இல் லட்சக்கணக்கானோரிடம் சோதித்தபோது, தற்செயலாகப் பொறுக்கிய மரபணுக்களைவிட அவை ஒன்றும் சிறப்பாக இல்லை.

இந்த வரிசையில்தான் 2022 ஜூலையில் வந்த செரடோனின் ஆய்வு நிற்கிறது. ஜோவானா மான்கிரீஃப் தலைமையிலான குழு, முன்பு வந்த பலவகை ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, செரடோனின் குறைவால் மனச்சோர்வு வருகிறது என்பதற்குச் சீரான சான்று இல்லை என்றது. தொகுத்த முறையில் குறைகள் இருப்பதாகப் பல ஆய்வாளர்கள் கூட்டாக அடுத்த ஆண்டே அதே இதழில் மறுத்து எழுதினார்கள். இரண்டையும் படித்த என் எண்ணம்: ‘குறைவுதான் காரணம்’ என்ற எளிய விளக்கம் நிற்கவில்லை. செரடோனினுக்கு இதில் பங்கே இல்லை என்பதும் நிறுவப்படவில்லை.

உங்கள் அக்காவுக்கு முக்கியமானது அடுத்த வாக்கியம். நோய் ஏன் வருகிறது என்பதும், மாத்திரை பலன் தருகிறதா என்பதும் இரண்டு கேள்விகள். அந்த ஆய்வு முதல் கேள்வியை மட்டும் ஆராய்ந்தது. 1846-இல் ஈதர் கொடுத்து வலியில்லாமல் அறுவை செய்து காட்டினார்கள். மயக்க மருந்து எப்படி மயக்குகிறது என்ற வாதம் அதன்பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நீண்டது. நோயாளிகள் அதற்காகக் காத்திருக்கவில்லை. மனச்சோர்வு மருந்துகளுக்கு, 2018-இல் 522 சோதனைகளையும் 1,16,477 பேரையும் ஒன்றுசேர்த்த ஆய்வு, சோதித்த 21 மருந்துகளும் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட மேலானவை என்று கண்டது. இதிலும் முழுதாக மகிழ முடியாது. சராசரிப் பலன் மிதமானது. சோதனைகளில் பெரும்பாலானவை எட்டு வாரம் போன்ற குறுகிய காலத்தவை. அச்சில் வந்ததை மட்டும் நம்பினால் ஏமாறுவோம் என்பதையும் இந்த மருந்துகளே காட்டின. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவான 74 சோதனைகளில் ஏறக்குறைய பாதிதான் வெற்றி. இதழ்களில் வந்தவற்றை மட்டும் படித்தால் 94 விழுக்காடு வெற்றி போலத் தெரிந்தது. தோற்றவை பல வெளிவரவே இல்லை. இது 2008-இல் அம்பலமானது.

நிறுத்துவதைப் பற்றி நேரடியாகச் செய்த சோதனை ஒன்று இருக்கிறது, 2021-இல் பிரிட்டனிலிருந்து வந்தது. பல ஆண்டுகள் மாத்திரை எடுத்து, நிறுத்தலாம் என்று நினைக்கும் அளவுக்குத் தேறியிருந்த 478 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு தொடர்ந்தது. மற்றதில் மருந்தைப் படிப்படியாகக் குறைத்து வெற்று மாத்திரை கொடுத்தார்கள்; தாம் எந்தப் பிரிவு என்பது சோதனையில் சேர்ந்தவர்களுக்குத் தெரியாது. ஓராண்டுக்குள் மனச்சோர்வு திரும்பியவர்கள், தொடர்ந்தவர்களில் 39 விழுக்காடு, நிறுத்தியவர்களில் 56 விழுக்காடு. இந்த எண்களை இரு பக்கமும் படிக்க வேண்டும். நிறுத்தினால் அபாயம் கூடுகிறது. நிறுத்தியவர்களில் 44 விழுக்காட்டினருக்கு அது திரும்பவும் இல்லை. உங்கள் அக்கா எந்தப் பக்கத்தில் இருப்பார் என்று இந்த ஆய்வாலோ என்னாலோ சொல்ல முடியாது. இதற்கு முன் எத்தனை முறை வந்தது, எவ்வளவு கடுமையாக வந்தது என்பதை அறிந்த மருத்துவர் ஓரளவு சொல்லலாம். நிறுத்தும்போது தலைச்சுற்றல், தூக்கமின்மை, எரிச்சல், மின்சாரம் பாய்ந்தது போன்ற உணர்வு ஆகியவை வருவதுண்டு. 2024-இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, மருந்தை நிறுத்தியவர்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினருக்கும், வெற்று மாத்திரையை நிறுத்தியவர்களிலேயே 17 விழுக்காட்டினருக்கும் இத்தகைய அறிகுறிகள் வந்தன.

எனவே அவர் நிறுத்த விரும்பினால், அந்த விருப்பம் தவறல்ல. மருத்துவரிடம் அதையே சொல்லட்டும். என்ன மருந்து, எவ்வளவு வாரங்களில், எந்தெந்தப் படியாகக் குறைப்பது, இடையில் மோசமானால் யாரை அழைப்பது என்று கேட்கட்டும். குறைக்கத் தொடங்கினால் ஒரு நாட்குறிப்பு வைத்துக்கொள்வது நல்லது. நிறுத்தியதால் வரும் அறிகுறிகள் பெரும்பாலும் சில நாட்களிலேயே தலைகாட்டும். நோய் திரும்புவது பொதுவாக வாரங்கள், மாதங்கள் எடுக்கும். முதலாவதை இரண்டாவது என்று எண்ணிப் பயந்துவிடுகிறவர்கள் பலர் என்று மனநல மருத்துவர்களான என் நண்பர்கள் சொல்கிறார்கள். எந்தத் தேதியில் எவ்வளவு குறைத்தார், எந்தத் தேதியில் என்ன தோன்றியது என்று இரண்டு பத்திகளாக எழுதிக்கொண்டு போனால், எதனால் என்ன என்று பிரித்துப் பார்க்க மருத்துவருக்கு வசதியாக இருக்கும்.